தொழுநோய் ஆய்வாளர் படித்த மோட்டார் சைக்கிள் டைரி

எர்னெஸ்டோ குவேரா என்று பெயரைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. படத்தைக் காட்டினால் தெரியாதவர் கிடையாது. உச்சிப்புளியில் ஓடும் ஆட்டோவின் முதுகிலும், பாம்பனில் கட்டிக்கிடக்கும் வள்ளத்தின் அணியத்திலும், பையன்களின் பனியனிலும் நட்சத்திரத் தொப்பி போட்டுக்கொண்டு எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். கியூபாப் புரட்சியின் சே குவேரா என்பார்களே, அவர்தான். அந்தப் படம் 1960-ல் எடுத்தது. அவரே எழுதிய 'மோட்டார் சைக்கிள் டைரி' புத்தகத்தில் வருகிற ஆள் அதற்கு எட்டு வருஷம் முந்தியவர். 23 வயசு மருத்துவ மாணவர், ஆஸ்துமாக்காரர், சட்டைப்பையில் காசில்லாதவர், ஒரு வேளைச் சாப்பாட்டுக்காகக் கூசாமல் கதை விடுகிறவர். வாங்குவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. புரட்சி எப்போது வரும் என்று பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு முதல் பகுதி முழுக்கப் பஞ்சர்தான் வரும்.

நான் வாங்கியது புரட்சிக்காக இல்லை. ராமநாதபுரம் புத்தகத் திருவிழாவில் நின்றபடி புரட்டினேன். கண்ணில் பட்டது ஒரு தொழுநோய் ஆஸ்பத்திரி. என் வேலையே அதுதான். சேர்ந்தபோது என் பதவியின் பெயர் தொழுநோய் ஆய்வாளர். மண்டபம், திருப்புல்லாணி, தொண்டி என்று கடற்கரை ஓரமாகவே சுற்றினேன், முதலில் சைக்கிளில், அப்புறம் மொபெட்டில். ஆகவே இந்த மதிப்புரை கொஞ்சம் ஒருபக்கச் சாய்வாகத்தான் இருக்கும். இலக்கியம் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

பயணம் 1951 டிசம்பர் கடைசியில் அர்ஜென்டினாவின் கோர்டோபாவில் தொடங்குகிறது. கூட வருபவர் அல்பெர்ட்டோ கிரனாடோ. உயிர்வேதியியல் படித்தவர், தொழுநோய் இல்லத்தில் வேலை பார்த்த அனுபவமும் உண்டு, எர்னெஸ்டோவைவிட ஆறு வயது மூத்தவர். வண்டி 500 சிசி நார்ட்டன், 1939 மாடல், பெயர் பொதெரோசா. அர்ஜென்டினா, சிலி, பெரு, கொலம்பியா, வெனிசுவேலா என்று கண்டத்தின் மேற்குப் பக்கமாக ஏறிப் போகிறார்கள். வண்டி சிலியிலேயே செத்துப்போகிறது. மிச்ச வழியெல்லாம் லாரி, கப்பல், நடை, தெப்பம். தலைப்பில் இருக்கிற மோட்டார் சைக்கிள் புத்தகத்தில் பாதி தூரம்கூட வராது.

அந்த வண்டிப் பகுதிகளை நான் ரசித்துத்தான் படித்தேன். கம்பி கொண்டு கட்டுவதும், மறுபடி விழுவதும், மறுபடி கட்டுவதும். உப்புக்காற்றில் வண்டி வைத்திருக்கிற எவருக்கும் இந்த வேதனை புரியும். எங்கள் ஊரில் சைலன்சர் இரண்டு வருஷம் தாங்கினால் அதிர்ஷ்டம். ஆனால் நாய் வரும் இடம், காதலி வரும் இடம், குடித்துவிட்டு ஆடப்போய் ஊரே துரத்தும் இடம் எல்லாம் கல்லூரிப் பையன்களின் ஊர்சுற்றல் கதைதான். வேகமாகத் தாண்டிவிடலாம். ஒரு வீட்டில் ராத்திரி சிறுத்தை மாதிரி காட்டுப் பூனை வருகிறது என்று பயந்து சுட்டு, பார்த்தால் வீட்டுக்காரரின் நாய் செத்துக்கிடக்கிறது. இதை எந்தச் சமாதானமும் சொல்லாமல் எழுதியிருக்கிறார். நல்ல பிள்ளையாகக் காட்டிக்கொள்ள அவர் முயலவில்லை என்று அங்கேதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

சாப்பாட்டுக்கு அவர்கள் வைத்திருக்கும் ஒரு தந்திரத்தைச் சொல்லியே ஆக வேண்டும். புது ஆள் யாராவது கிடைத்தால் அர்ஜென்டினாக்காரர்கள் என்று தெரியும்படி சத்தமாகப் பேசுவது. பேச்சு தொடங்கியதும், இன்றோடு நாங்கள் புறப்பட்டு ஒரு வருஷம் ஆகிறது, கொண்டாடத்தான் காசில்லை என்று ஒருவர் பெருமூச்சு விடுவது. எதிராளி இரக்கப்பட்டு மது வாங்கித் தருவார். முதல் கோப்பை போகும். இரண்டாவதற்கு எர்னெஸ்டோ தலையாட்ட மாட்டார். துருவிக் கேட்டால், வெட்கத்தோடு, எங்கள் நாட்டு வழக்கப்படி வெறும் வயிற்றில் குடிப்பதில்லை என்பார். உடனே சாப்பாடு வரும். வேலைக்காலம் முழுக்கப் பயணப்படி பில் எழுதி, அதில் பாதியைத் தணிக்கையில் வெட்டக் கொடுத்த எனக்கு, இந்த ஏற்பாடு எவ்வளவோ மேல் என்று தோன்றியது.

இப்படிச் சிரித்துக்கொண்டே போகையில் வல்பரைசோ வருகிறது. அது சிலியின் துறைமுகம். அங்கிருந்து ஈஸ்டர் தீவுக்குப் போய் அங்குள்ள தொழுநோய் இல்லத்தைப் பார்ப்பதுதான் திட்டம். கப்பல் கிடையாது, பல மாதம் காத்திருக்க வேண்டும் என்று தெரிந்து அது கைவிட்டுப்போகிறது. அந்த இடைவேளையில், அவர்களுக்குச் சாப்பாடு போடும் மதுக்கடைக்கு வழக்கமாக வரும் ஒரு கிழவியைப் பார்க்க எர்னெஸ்டோவைக் கூப்பிடுகிறார்கள். ஆஸ்துமா, கூடவே இதயமும் பழுது. போன மாதம் வரை வேலை செய்து பிழைத்தவள். இப்போது படுக்கை, நாற்றம், சம்பாதிக்காத ஆளைச் சுமக்க வேண்டியிருக்கிறதே என்று முகம் சுளிக்கும் குடும்பம். இவர் இன்னும் டாக்டர்கூட இல்லை. பத்தியம் சொல்கிறார், நீர் பிரிவதற்கும் இளைப்புக்கும் மருந்து எழுதித் தருகிறார், கடைசியில் தன்னிடம் மிச்சமிருந்த டிராமமைன் மாத்திரைகளைக் கொடுத்துவிட்டு வருகிறார்.

டிராமமைன் என்பது பஸ்ஸிலும் கப்பலிலும் வாந்தி வராமல் இருக்கப் போடும் மாத்திரை. இதய நோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது அவருக்கும் தெரியும். ஆனால் வெறுங்கையோடு எழுந்து வர முடியவில்லை. கிராமத்து வேலையில் இருந்த எல்லோரும் இதைச் செய்திருப்போம். பையில் இருந்த பி காம்ப்ளெக்ஸை எடுத்து நீட்டிவிட்டு வந்த வீடுகள் எனக்கும் உண்டு. அந்த மாத்திரையின் பெயரைப் புத்தகத்தில் மறைக்காமல் எழுதினாரே, அதற்காகவே இவரை நல்ல எழுத்தாளர் என்பேன். இதே பக்கங்களில் சமுதாய அமைப்பைப் பற்றிக் கோபமாகச் சில வரிகளும் இருக்கின்றன. அவை சரியான வரிகள்தான். ஆனால் மாத்திரை அளவுக்கு அவை என்னைப் பிடித்து உலுக்கவில்லை.

அடுத்து அடகாமா பாலைவனத்தில் பக்கெடானோ என்ற இடம். ராத்திரிக் குளிரில் ஒரு சுரங்கத் தொழிலாளியும் மனைவியும். கம்யூனிஸ்ட் என்பதற்காகச் சிறையில் இருந்துவிட்டு வந்தவர். வேலைக்கு எவரும் எடுப்பதில்லை. மலைமேல் கந்தகச் சுரங்கத்தில் மட்டும் கேள்வி கேட்காமல் ஆள் எடுப்பார்கள், ஏனென்றால் அங்கே போக யாரும் தயாரில்லை. போர்த்திக்கொள்ள அவர்களிடம் எதுவும் இல்லாததால் இவர்கள் தங்கள் போர்வை ஒன்றைக் கொடுத்துவிட்டு மீதியில் சுருண்டுகொள்கிறார்கள். மண்டபம் முகாமில் மருத்துவப் பரிசோதனைக்குப் போன நாட்களில், இலங்கையிலிருந்து ராமேசுவரக் கரையில் இறங்கி வந்த குடும்பங்கள் பாதி நனைந்த துணிமூட்டையோடு வரிசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்களும் இப்படித்தான் பேசாமல் புருஷன்மாரின் மேல் சாய்ந்திருப்பார்கள். மறுநாள் இருவரும் சுக்கிகமாட்டா செப்புச் சுரங்கத்தைப் பார்க்கப் போகிறார்கள். உலகத்தின் மிகப் பெரிய திறந்தவெளிச் செப்புச் சுரங்கங்களில் ஒன்று, அப்போது அமெரிக்கக் கம்பெனியின் கையில் இருந்தது. அந்த அத்தியாயத்தை முந்தின ராத்திரியின் குளிர் உடம்பில் இருக்கும்போதே படித்துவிடுங்கள். நடுவில் டீ குடிக்க எழுந்தால் வெறும் புள்ளிவிவரமாகிவிடும்.

சரி, என் பாடத்துக்கு வருகிறேன்.

பெருவில் அவர்கள் மூன்று தொழுநோய் இல்லங்களைப் பார்க்கிறார்கள். மலைப்பகுதியில் ஊவாம்போ, தலைநகர் லிமாவில் ஓர் ஆஸ்பத்திரி, கடைசியில் அமேசான் கரையில் சான் பாப்லோ. ஊவாம்போவில் மண்தரைக் குடிசைகள். அங்கே நாவல் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண், பேச்சுக் கொடுத்ததும் அழுதுவிடுகிறாள். லிமாவில் டாக்டர் ஊகோ பெஸ்ஸே என்ற தொழுநோய் நிபுணர் இவர்களுக்குத் தங்க இடமும் சாப்பாடும் கொடுத்து ஆதரிக்கிறார். விடைபெறும்போது லிமா ஆஸ்பத்திரி நோயாளிகள் தங்களுக்குள் காசு வசூலித்து, ஒரு கடிதத்தோடு இந்த இரண்டு ஊர்சுற்றிகளின் கையில் கொடுக்கிறார்கள். நூறு சோல் சொச்சம். ஏன் என்று வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் எர்னெஸ்டோவே சொல்கிறார்: அங்கி போடவில்லை, கையுறை போடவில்லை, எல்லோரோடும் கை குலுக்கினோம், பக்கத்தில் உட்கார்ந்து பேசினோம், பந்து விளையாடினோம். அவ்வளவுதான்.

புத்தகத்தில் இது சில வரி. படிக்கிறவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள் என்பதால் இங்கே நின்று சொல்கிறேன். எங்கள் வேலையில் பாடநூலில் இல்லாத விதி ஒன்று உண்டு. நோயாளி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தால், அடுத்த மாதம் அந்த வீட்டில் மாத்திரை ஒழுங்காகத் தீர்ந்திருக்கும். நின்றுகொண்டே மாத்திரை அட்டையைக் கொடுத்துவிட்டு வந்தால் பரணில் அப்படியே இருக்கும். 1982-ல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்த பிறகு, ஆறு மாதத்திலோ ஒரு வருஷத்திலோ குணப்படுத்தக்கூடிய நோயாக இது ஆகிவிட்டது. ஆனால் அந்தக் கூட்டில் உள்ள குளோஃபாசிமைன் தோலைக் கருக்கும். ரிஃபாம்பிசின் சிறுநீரைச் சிவப்பாக்கும். சின்னப்பாலம் பக்கத்தில் பாசி எடுக்கப் போகும் ஓர் அக்கா, "சார், தேமலாச்சும் முதுகுலதான் இருந்துச்சு, ஒங்க மாத்திர மூஞ்சியவே கருக்கிப்புடுச்சே" என்று என்னைச் சண்டைக்கு இழுத்தார். அவரைத் தொடர்ந்து சாப்பிட வைத்தது மருந்தியல் விளக்கம் அல்ல. மாதாமாதம் அவர் கையில் வாங்கிக் குடித்த கருப்பட்டிக் காப்பிதான்.

சான் பாப்லோவில் நடக்கும் ஒரு காட்சியை அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் விவரிக்கிறார். இவர்கள் கிளம்பும் முன், நோயாளிகள் மழையில் படகில் வந்து பாட்டுக் கச்சேரி வைக்கிறார்கள். அக்கார்டியன் வாசிப்பவருக்கு வலது கையில் விரல்கள் இல்லை. மணிக்கட்டில் குச்சிகளைக் கட்டிக்கொண்டு வாசிக்கிறார். பாடுபவர் பார்வையற்றவர். எர்னெஸ்டோ இதைப் பயங்கரப் படக் காட்சி போல இருந்தது என்கிற தொனியில் எழுதிவிட்டு, அதே மூச்சில் தன் வாழ்வின் அருமையான அனுபவங்களில் ஒன்று என்றும் சொல்கிறார். இரண்டும் உண்மை. ஒன்றை மறைத்து மற்றதை மட்டும் எழுதியிருந்தால் நான் புத்தகத்தை மூடியிருப்பேன்.

படிக்கிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். தொழுநோயில் விரல் தானாக உதிர்வதில்லை. கிருமி நரம்பைத் தாக்கும். முழங்கை எலும்புக்குப் பின்னால் தடவினால் நரம்பு கயிறு போல உருளும். உணர்ச்சி போனபின் சூடு தெரியாது, வெட்டு தெரியாது. நைலான் கயிறு இழுத்து உள்ளங்கை கிழிந்திருக்கும், அவர் பீடி பற்றவைத்துக்கொண்டிருப்பார். புண் சீழ் பிடிக்கும், ஆறும், மறுபடி அதே இடத்தில் புண் வரும், கொஞ்சம் கொஞ்சமாக எலும்பு குறைந்துகொண்டே போகும். பாசி எடுக்கும் பெண்கள் பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றுவார்கள். அந்த அக்காவுக்கு இரண்டு விரலில் மரத்துப்போயிருந்ததால், துணியை எவ்வளவு இறுக்கியிருக்கிறோம் என்பதே தெரியாது. அவிழ்த்தால் விரல் நீலமாக இருக்கும். அவர் மகளைச் சுற்றிவிடச் சொன்னோம். இன்றும் பத்து விரலோடு இருக்கிறார். அந்த அக்கார்டியன்காரர் காலத்தில் டாப்சோன் என்ற தொழுநோய் மருந்து வந்துவிட்டிருந்தது. அவர் விரல்களுக்கு அது நேரத்தில் போய்ச் சேரவில்லை.

நம் நாடு 2005 முடிவில் தொழுநோயை ஒழித்துவிட்டதாக அறிவித்தது. பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்பது கணக்கு. ஆனால் இன்றும் வருஷத்துக்கு ஒரு லட்சத்தை ஒட்டிப் புது நோயாளிகள் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். புத்தகத்தை ஏதோ பழங்காலத்துத் துயரம் என்று படித்துவிட வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன்.

ஜூன் 14 அன்று சான் பாப்லோவில் அவருடைய 24-வது பிறந்தநாள். விருந்தில் எழுந்து, மெக்சிகோவிலிருந்து தெற்கே மகெல்லன் நீரிணை வரை நாம் எல்லோரும் ஒரே கலப்பினம் என்று பேசுகிறார். பலரும் புத்தகத்தின் உச்சம் என்று கொண்டாடும் இடம். எனக்கு, பிஸ்கோ குடித்த ஒரு வாலிபனின் நல்ல பேச்சு என்ற அளவில்தான் பட்டது.

குறைகளையும் சொல்ல வேண்டும். பெருவின் பழைய இன்கா நகரங்களான கூஸ்கோ, மச்சு பிச்சுப் பகுதிகளில் சொந்தக் கண்ணைக் கழற்றி வைத்துவிட்டு வரலாற்று ஆசிரியர் மாதிரி எழுத ஆரம்பித்துவிடுகிறார். கோயில் சுவர், கல் அடுக்கு, ஸ்பானியர் இடித்தது, மேலே கட்டியது. தகவல் சரி, ஆள் காணாமல் போய்விடுகிறார். வெனிசுவேலாவின் காரகாஸ் வந்ததும் கறுப்பின மக்களைப் பற்றிச் சில வரிகள். சோம்பேறிகள், குடிகாரர்கள் என்ற மாதிரி, படிக்கவே சங்கடமானவை. பனியன் போட்ட பையன்களுக்கு அந்தப் பக்கத்தை நான் தனியாகக் காட்டுகிறேன். ஒரு பயணம் ஒருவரை முழுசாக மாற்றிவிடுகிறது என்று நம்புகிறவர்கள் பிறந்தநாள் பேச்சையும் இந்தப் பக்கத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும். கடைசி அத்தியாயம் இன்னொரு சிக்கல். இருட்டில் பேர் தெரியாத ஒரு மனிதர் தீர்க்கதரிசி போலப் பேச, இவர் தன் எதிர்கால வீரமரணத்தைக் கண்ணெதிரே காண்கிறார். குறிப்புகளை ஊருக்குத் திரும்பிய பின் உட்கார்ந்து விரித்து எழுதினார் என்பது தெரிந்த விஷயம். முன்னுரையிலேயே, இதை எழுதியவன் இப்போது இருக்கிற நான் இல்லை என்று சொல்லிவிடுகிறார். அது நேர்மை. ஆனால் கடைசி அத்தியாயம் மட்டும் பின்னால் கொண்டுவந்து ஒட்டியது போல் துருத்திக்கொண்டு நிற்கிறது. 1967-ல் பொலிவியாவில் அவர் பிடிபட்டுக் கொல்லப்பட்டார் என்று தெரிந்து படிக்கும் நமக்கு உடம்பு சிலிர்க்கும்தான். எழுத்து என்று பார்த்தால் டிராமமைன் பக்கத்தின் காலடிக்கு வராது.

புத்தகமாக எப்படி என்றால், எனக்குக் கிடைத்த பிரதியில் வரைபடம் தீப்பெட்டி அளவுக்கு இருக்கிறது. கண்ணாடி போட்டும் ஊர்ப்பெயர் தெரியவில்லை. சுவரில் மாட்டும் உலகப் படத்தைப் பேரனிடம் வாங்கி விரித்து வைத்துக்கொண்டுதான் படித்தேன். நீங்கள் வாங்கும்போது அப்பா அம்மாவுக்கு எழுதிய கடிதங்கள் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். சிறந்த பக்கங்களில் பாதி அவற்றில்தான் உள்ளன. ஒட்டுப் பைண்டிங் கச்சான் காற்றுக்குத் தாங்கவில்லை. வாசலில் உட்கார்ந்து படித்ததில் நடுப்பக்கங்கள் கழன்றுவிட்டன.

மீதி சேதாரம் என் தங்கை மகன் செய்தது. நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவன். கடலுக்கு எடுத்துப் போய், ஐஸ்பெட்டி மேல் வைத்து, பின்னட்டை ஊறிப்போய்த் திரும்பி வந்தது. ஆனால் முழுசாகப் படித்திருக்கிறான். அவனுக்குத் தொழுநோய் இல்லம், சுரங்கம் எதுவும் பெரிதாகப்படவில்லை. தெப்பம்தான். சான் பாப்லோ நோயாளிகளும் ஊழியர்களும் கட்டிக்கொடுத்த தெப்பத்துக்கு மாம்போ-டாங்கோ என்று பெயர். அதில் அமேசானில் மிதந்து கொலம்பியாவின் லெட்டிசியாவுக்குப் போக வேண்டும். ராத்திரி ஒரு கோழி தண்ணீரில் விழுந்துவிடுகிறது. அதே ஆற்றை நீந்திக் கடந்த எர்னெஸ்டோவுக்கு இப்போது குதிக்கத் துணிச்சல் வரவில்லை. முதலை ஒரு காரணம், ராத்திரித் தண்ணீர் மேல் தனக்கு எப்போதும் இருக்கும் பயம் இன்னொரு காரணம் என்று எழுதுகிறார்.

"இத எழுதுனான் பாருங்க மாமா, அவன் ஆம்பள," என்றான் மருமகன். "எங்க போட்ல ஒருத்தனும் ஒத்துக்க மாட்டான்."

அப்புறம்தான் அவனுக்குக் கோபம் வந்தது. தெப்பத்தில் இரண்டு பேரும் தூங்கி, விழித்துப் பார்த்தால் லெட்டிசியாவைத் தாண்டி பிரேசில் எல்லைக்குள் போயிருக்கிறார்கள். எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்பது பாம்பன்காரனுக்குச் சொல்லித் தர வேண்டாம். "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல தூங்குனா கரை எப்புடி மாமா வரும்? முறை வச்சுக்கிற தெரியாத பயலுக எப்படிப் புரட்சி பண்ணானுக?" என்று கேட்டான். காவல் இருக்க வேண்டியது யார் என்று அவர்களுக்குள்ளும் தகராறு நடந்தது என்பதைக் காட்டினேன். அவனுக்குப் போதவில்லை.

கிரனாடோவும் அதே பயணத்தைப் பற்றித் தனியாக ஒரு டைரி எழுதியிருக்கிறார் என்று சொன்னேன். அதைத் தேடி வாங்கச் சொல்லியிருக்கிறான். அன்றைக்கு முறை யாருடையது என்று அந்த ஆள் பக்கத்து நியாயத்தையும் கேட்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டானாம்.